எள்ளும் யுஜாவும் சேர்ந்த பிஸ்கோட்டி: இத்தாலிய, கொரியச் சுவைகளில் குக்கீ சுடத் தொடங்குவோருக்கு

இரண்டு நாட்டுச் சுவைகளை ஒரே குக்கீயில் சேர்க்கலாம் என்றவுடன், கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டத் தோன்றும். கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது, எஸ்பிரெஸோ தூள், பச்சைத் தேயிலை, மஸ்கார்போனே சீஸ் என்று எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். சுட்டு எடுத்துக் கடித்தால் இனிப்பு மட்டும்தான் தெரியும். எது இத்தாலி, எது கொரியா என்று நாக்கு தேடிக் களைத்துப்போகும்.

நான் பரிந்துரைக்கும் வழி வேறு. இரண்டு சமையலறைகளிலும் ஏற்கெனவே புழங்கும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். அப்படிப்பட்டவை எதிர்பார்ப்பதைவிட அதிகம். சிசிலியில் குக்கீகளை எள்ளில் புரட்டிச் சுடுகிறார்கள். கொரியாவின் யாக்குவா என்ற தேன் பலகாரத்தின் மாவே எள்ளெண்ணெய் விட்டுத்தான் பிசையப்படுகிறது. பைன் பருப்பை இத்தாலியர்கள் பெஸ்டோவில் அரைக்கிறார்கள், இனிப்புகளின் மேல் தூவுகிறார்கள். கொரியர்கள் லவங்கப்பட்டையும் இஞ்சியும் கொதித்த சுஜோங்குவா பானத்தில் மிதக்கவிடுகிறார்கள், யாக்குவாவின் மேல் பதிக்கிறார்கள். தேன் இரு பக்கமும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணம் இத்தாலிய இனிப்புகளில் எங்கும் வரும். கொரியாவில் அந்த இடம் யுஜா என்ற பழத்துக்கு. இப்படிப் பொதுவான பொருள்களைப் பிடித்துக்கொண்டால், கலவை வலிந்து ஒட்டியதாகத் தெரியாது.

இன்னொரு விதியையும் வைத்துக்கொள்ளுங்கள்: செய்முறை ஒரு நாட்டிலிருந்து, மணம் இன்னொரு நாட்டிலிருந்து. தொடங்குபவர்கள் செய்முறையை இத்தாலியிடமிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது. கொரியாவின் மரபான இனிப்புகள் பலவும் எண்ணெயில் பொரிப்பவை, ஆவியில் வேகவைப்பவை, அல்லது தாசிக் போல அச்சில் அழுத்தி எடுப்பவை. ஓவனில் சுடும் குக்கீகளில் இத்தாலியிடம் நீண்ட அனுபவம் இருக்கிறது.

எந்த இத்தாலியக் குக்கீ? டஸ்கனியில் உள்ள பிராட்டோ நகரின் கன்டூச்சி. உலகம் பிஸ்கோட்டி என்று அழைப்பது பெரும்பாலும் இதைத்தான். பிராட்டோவில் அன்டோனியோ மத்தேயி 1858இல் திறந்த கடை இன்றும் இதற்குப் பெயர் பெற்றது. மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் பருப்பு, இவ்வளவுதான் அந்தப் பழைய செய்முறை. வெண்ணெய் கிடையாது. புதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வெண்ணெய் சரியான பதத்துக்கு இளகியதா, அதிகம் உருகிவிட்டதா, மாவு தட்டில் பரவிவிடுமா என்ற கவலை எதுவும் இல்லை. நீளமான கட்டையாக உருட்டி ஒருமுறை சுட்டு, துண்டு போட்டு மறுமுறை சுடுகிறோம். முதல் சூட்டில் ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் இரண்டாம் சூட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

பொருள்களை அறிந்துகொள்ளுங்கள்

யுஜாவிலிருந்து தொடங்குவோம். எலுமிச்சையின் புளிப்பு, மாண்டரின் ஆரஞ்சின் மணம், லேசான கசப்பு மூன்றும் கலந்த பழம் அது. தென் ஜொல்லா மாகாணத்தில் உள்ள கோஹுங் பகுதி இதன் விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. பச்சைப் பழத்துக்காக அலைய வேண்டாம். தோலோடு மெல்லியதாக நறுக்கிய யுஜாவை, ஏறக்குறைய சம எடை சர்க்கரையிலோ தேனிலோ ஊறவைத்த யுஜாச்சோங் கண்ணாடி ஜாடிகளில் கிடைக்கிறது. கொரிய உணவுப் பொருள் விற்கும் கடைகளில் யுஜா தேநீர் அல்லது சிட்ரான் தேநீர் என்ற பெயரில் இருக்கும். நமக்குத் தேவை அதிலுள்ள தோல் இழைகள். பாகு அல்ல. பாகையும் சேர்த்து ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும், சர்க்கரையும் கூடிவிடும். யுஜாச்சோங் கிடைக்காவிட்டால், கசப்பு ஆரஞ்சு மார்மலேடின் தோல் துண்டுகளோடு ஓர் எலுமிச்சையின் தோல் துருவலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே மணம் வராது. ஆனால் குக்கீ நன்றாகவே இருக்கும்.

எள்ளெண்ணெயில் கவனம் தேவை. கொரியச் சமையலில் பயன்படுவது நன்றாக வறுத்த எள்ளிலிருந்து பிழிந்தது. பழுப்பு நிறம், அழுத்தமான மணம். வறுக்காத எள்ளில் ஆட்டிய எண்ணெய் இந்த வேலைக்கு உதவாது. அளவு ஒரே ஒரு தேக்கரண்டி. இரண்டாவது கரண்டி ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். சூட்டில் சுடும்போது அந்த மணம் ஓவனைவிட்டு வெளியே வரும், ஆறிய குக்கீயில் யுஜாவை அடியோடு மறைத்துவிடும்.

கறுப்பு எள்ளை வாங்கி நீங்களே வறுப்பது சிறந்தது. ஆனால் ஒரு சிக்கல்: அது ஏற்கெனவே கறுப்பு. வறுபட்டதா, கருகியதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு எளிய வழி, கூடவே பத்துப் பன்னிரண்டு வெள்ளை எள் மணிகளைப் போட்டு வறுப்பது. மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை மணிகள் பொன்னிறமாகும்போது கறுப்பும் பதமாகியிருக்கும். படபடவென்று வெடிக்கும் ஓசையும், விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கினால் மணியொன்று சட்டென்று பொடிந்து மணப்பதும் அதற்குச் சான்று. உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் அடுத்த ஒரு நிமிடத்தில் கசந்துவிடும்.

பைன் பருப்பில் இரண்டு வகைகளைக் கடையில் பார்க்கலாம். இத்தாலியின் குடை வடிவப் பைன் மரத்தின் பருப்பு ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். கொரியப் பைன் மரத்தின் பருப்பு குட்டையாக, ஒரு முனை பருத்து இருக்கும். கொரியத் தலைநகர் சியோலுக்கு அருகிலுள்ள காப்யோங் அதற்குப் பெயர் போனது. எதை வாங்கினாலும் சரி. ஆனால் வாங்கியவுடன் ஒன்றை மென்று பாருங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த பருப்பு என்பதால் விரைவில் சிக்கு வாடை பிடித்துவிடும். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

மற்றவை பழகிய பொருள்கள்தான். ஒரு சமையல் தராசு மட்டும் அவசியம். மாவைக் கோப்பையால் அளந்தால் ஒவ்வொரு முறையும் எடை மாறும், இந்த மாவில் அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

ஏறக்குறைய 30 துண்டுகளுக்கான அளவு:

மைதா 250 கிராம் (கைக்குத் தூவ இன்னும் கொஞ்சம்)
சர்க்கரை 110 கிராம்
முட்டை 2 (ஓடு நீக்கி ஏறக்குறைய 100 கிராம்)
பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
கறுப்பு எள் 30 கிராம்
பைன் பருப்பு 60 கிராம்
முழுப் பாதாம் 60 கிராம்
யுஜாச்சோங்கின் தோல் இழைகள், பாகு வடித்தது, 50 கிராம்
வறுத்த எள்ளின் எண்ணெய் 1 தேக்கரண்டி

கன்டூச்சிக்கு வழக்கமாக இந்த அளவு மாவுக்கு 150 கிராம் வரை சர்க்கரை போடுவார்கள். யுஜாத் தோலிலேயே சர்க்கரை ஊறியிருப்பதால் இங்கே குறைத்திருக்கிறேன்.

செய்முறை

முதலில் ஓவனை 170 டிகிரி செல்சியஸில் சூடேற்ற வையுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 150 முதல் 155 போதும். வீட்டு ஓவன்களில் பல, திருகில் காட்டும் அளவுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் பத்து இருபது டிகிரி வித்தியாசம் காட்டும். உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓவன் சூடாகும் நேரத்தில் பாதாமை ஒரு தட்டில் பரப்பி எட்டு நிமிடம் உள்ளே வைத்து எடுங்கள். பைன் பருப்பை இப்படி முன்கூட்டி வறுக்க வேண்டாம். அது மென்மையானது, மாவுக்குள் இருந்தபடி இரண்டு முறை சூடு படுவதே அதற்குப் போதும். எள்ளை மேலே சொன்னபடி வறுத்து ஆறவிட்டு, பாதியைக் கல்லில் இட்டு ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். மறு பாதி முழு மணியாகவே இருக்கட்டும். முழுவதையும் நைசாக அரைத்தால் எண்ணெய் பிரிந்து பசையாகிவிடும், மாவும் சிமெண்ட் நிறத்துக்கு மாறிவிடும். பாதிப் பொடியில் மணமும் கிடைக்கும், வெட்டிய முகத்தில் கறுப்புப் புள்ளிகளும் அழகாகத் தெரியும்.

யுஜாத் தோல் இழைகளை வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்துப் பாகை வடியவிடுங்கள். பிறகு அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். இதில் சோம்பல் வேண்டாம். நீளமான இழைகள் அப்படியே இருந்தால், பின்னால் துண்டு போடும்போது கத்தியில் சிக்கி, குக்கீயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

அகன்ற கிண்ணத்தில் முட்டை, சர்க்கரை, உப்பு, எள்ளெண்ணெய் நான்கையும் கைத் துடுப்பால் ஒரு நிமிடம் கலக்குங்கள். நுரைக்க அடிக்க வேண்டியதில்லை. சர்க்கரை பாதி கரைந்தால் போதும். நறுக்கிய யுஜாத் தோலைச் சேருங்கள். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துப் போட்டு, இரண்டு வகை எள்ளையும் தூவி, மரக்கரண்டியால் கிளறுங்கள். மாவு பாதி சேர்ந்ததும் பாதாம், பைன் பருப்பு. கடைசியில் கையால் ஒன்றுசேர்த்துவிடுங்கள். பிசையக் கூடாது. பிசைந்தால் மாவில் இழுவை வந்து, குக்கீ மொறுமொறுப்புக்குப் பதிலாகக் கல்லாகும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பயந்துபோகிறார்கள். மாவு விரல்களில் ஒட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளிப் போடாதீர்கள். விரலை ஈரமாக்கிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். மாவு கிண்ணத்தில் பரவாமல் ஒரு குவியலாக நின்றால் பதம் சரி. பரவினால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி மைதா, அதற்குப் பிறகும் பரவினால் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

தட்டில் பேக்கிங் காகிதம் விரித்து, மாவை இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஈரக் கையால் ஒவ்வொன்றையும் 25 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம் உள்ள கட்டையாகத் தட்டுங்கள். சுடும்போது அகலும் என்பதால் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். மேற்பரப்பில் பைன் பருப்பு துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்திவிடுங்கள்; வெளியே இருப்பதுதான் முதலில் கருகும்.

25 முதல் 28 நிமிடம் சுடுங்கள். எள் கலந்த மாவு தொடக்கத்திலேயே சாம்பல் பூத்திருக்கும் என்பதால், பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஓரங்களில் மட்டும் பழுப்பு தெரியும். கட்டையின் நடுவில் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். குழி விழாமல் திரும்பி எழுந்தால், மேலே சிறு வெடிப்புகள் இருந்தால், எடுத்துவிடலாம்.

இப்போது 15 நிமிடம் ஆறவிட வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தில்தான் குக்கீயின் வடிவம் முடிவாகிறது. சூடாக வெட்டினால் உள்ளே ஈரமாக இருந்து உதிரும். முழுக்க ஆறிவிட்டால் மேல் ஓடு இறுகி, பாதாமில் கத்தி பட்டதும் துண்டு இரண்டாக உடையும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பதம்தான் சரி. ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தியால், சாய்வாக, ஒன்றரை செ.மீ. கனத்தில் அறுங்கள். மேல் ஓட்டில் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து வழி உண்டாக்கிவிட்டு, பிறகு ஒரே அழுத்தில் கீழே இறக்குங்கள். பாதாமும் எள்ளும் வெட்டுப்பட்டு முகம் சுத்தமாக வரும்.

துண்டுகளை வெட்டிய முகம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, 150 டிகிரியில் எட்டு நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் எட்டு நிமிடம். இந்த இரண்டாம் சூட்டின் வேலை ஈரத்தை வெளியேற்றுவது, நிறம் கூட்டுவதல்ல. யுஜாவின் சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால் கடைசி மூன்று நிமிடம் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள். வெளியே எடுக்கும்போது துண்டுகள் நடுவில் கொஞ்சம் மென்மையாகத் தோன்றும். கம்பித் தட்டில் ஆறினால் இறுகிவிடும். முழுக்க ஆறிய பிறகும் வளைந்து கொடுத்தால், மீண்டும் ஐந்து நிமிடம் உள்ளே வைக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

சுட்ட அன்றே தின்றால் எள் முந்திக்கொண்டு வரும். மறுநாள் யுஜா மேலே வரும். அதனால் விருந்தினர் வருவதாக இருந்தால் முந்தின நாளே சுட்டுவிடுவதுதான் என் விருப்பம். டஸ்கனியில் கன்டூச்சியை வின் சான்டோ என்ற இனிப்பு ஒயினில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இந்தக் குக்கீக்கு அதைவிடப் பொருத்தமானது ஜாடியில் மிஞ்சிய யுஜாப் பாகு: ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கினால் யுஜா தேநீர் தயார்.

இது கைவந்த பிறகு

அடுத்ததாக அமரெட்டியை முயன்று பாருங்கள். பாதாம் பொடி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மட்டும் கொண்ட, உள்ளே மெத்தென்று இருக்கும் இத்தாலியக் குக்கீ. அதில் பாதாம் பொடியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வறுத்த சோயா மாவைச் சேர்க்கிறோம். கொரியர்கள் இன்ஜோல்மி என்ற பசையரிசிப் பண்டத்தைப் புரட்டி எடுப்பது அந்த மாவில்தான். பாதாம் பொடி 170 கிராம், வறுத்த சோயா மாவு 40 கிராம், சர்க்கரை 140 கிராம், தேன் 1 மேசைக்கரண்டி, லேசாக நுரைக்க அடித்த வெள்ளைக்கரு இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து அரைமணி நேரம் குளிரவைத்து, சிறு உருண்டைகளாக்கி, ஐசிங் சர்க்கரையும் சோயா மாவும் சரிபாதி கலந்த பொடியில் புரட்டி, 160 டிகிரியில் 18 நிமிடம் சுடுங்கள். சோயா மாவு ஈரத்தை உறிஞ்சும். தேனை விட்டுவிட்டால் குக்கீ தொண்டையில் அடைக்கும். வாங்கும்போது வறுத்த மாவா என்று பார்த்து வாங்குங்கள். வறுக்காத சோயா மாவில் பச்சை வாடை போகாது.

கோச்சுஜாங்கைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். காரம், இனிப்பு, உப்பு, புளித்த ஆழம் எல்லாம் கொண்ட விழுது அது. சாக்லேட்டோடு அருமையாகச் சேரும். ஆனால் நான் அதை மாவுக்குள் போடுவதில்லை. நிரப்பும் கலவையில் வைக்கிறேன். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் செய்யும் பாச்சி தி தாமா என்ற குக்கீ இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். ஹேசல்நட் பொடி, மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் 100 கிராம். பிசைந்து, சிறிய உருண்டைகளாக உருட்டி, நன்றாகக் குளிரவைத்து, 160 டிகிரியில் 15 நிமிடம் சுட்டால் அரைக்கோளங்கள் கிடைக்கும். இரண்டு அரைக்கோளங்களை ஒட்டவைக்க வழக்கமாகச் சாக்லேட் தடவுவார்கள். நமக்கு 60 கிராம் கறுப்பு சாக்லேட், 40 கிராம் கிரீம், ஒன்றரைத் தேக்கரண்டி கோச்சுஜாங். உருக்கிய சாக்லேட்டில் கோச்சுஜாங்கை நேராகப் போட்டால், அதிலுள்ள சிறிதளவு நீரே சாக்லேட்டைத் திரித்துக் கட்டியாக்கிவிடும். முதலில் கிரீமைச் சூடாக்கி, கோச்சுஜாங்கை அதில் கரைத்து, பிறகு நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கலக்குங்கள். வழவழப்பாக வரும். காரம் உடனே தெரியாது; விழுங்கிய பிறகு மெல்ல எழும்.

உப்புச் சுவை பிடிக்கும் என்றால் பார்மீசான் சீஸும் கிம் என்ற வறுத்த கடற்பாசித் தாளும் நல்ல இணை. மைதா 100, வெண்ணெய் 80, துருவிய சீஸ் 80 கிராம், நொறுக்கிய கிம் இரண்டு தாள். உப்பு சேர்க்கவே வேண்டாம், சீஸிலும் கிம்மிலும் இருப்பதே போதும். உருட்டிக் குளிரவைத்து, வட்டமாக அறுத்து, 170 டிகிரியில் 14 நிமிடம்.

பரிமாறும்முன் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தக் குக்கீகளில் எள், கொட்டை வகைகள், சோயா, முட்டை, கோதுமை என்று ஒவ்வாமை தரக்கூடியவை பலவும் இருக்கின்றன. கோச்சுஜாங்கிலும் பல தயாரிப்புகளில் கோதுமையோ பார்லியோ சேர்ந்திருக்கும். ஜாடியின் பின்புறம் படித்துப் பாருங்கள்.

பிஸ்கோட்டி காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வரை மொறுமொறுப்பாக இருக்கும். அமரெட்டி நான்கைந்து நாள். அதை பிஸ்கோட்டியோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்: ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்குப் போய் இரண்டும் கெட்டுவிடும். கிரீம் சேர்ந்த பாச்சி தி தாமா குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்துவையுங்கள்.